எடுத்து வைத்த பாலைத் துணைவர் ஊட்டுவது: எப்போது, எவ்வளவு, எங்கே சிக்கல் வருகிறது?

#1 நடுச்சாமம்
குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். இரவில் ஒரு வேளையையாவது துணைவர் பாட்டிலில் கொடுத்தால் அம்மாவுக்கு நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைக்கும் என்பது திட்டம். இதைப் பற்றி எங்கே கேட்டாலும் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஃப்ரிட்ஜில் நாலு நாள் என்கிறார் ஒருவர், எட்டு நாள் என்கிறார் இன்னொருவர். ஒரு வேளைக்கு 60 மில்லி, 120 மில்லி, "குடிக்கிற வரை" என்று மூன்று பதில். விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும். எந்த வாரத்தில் தொடங்குவது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

#2 அளவுகோல்
குழந்தை நேரடியாக நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் மூன்று, நான்கு வாரம் கழித்து பாட்டிலைக் கொண்டுவருவது வழக்கம். காரணம் இரண்டு. முதல் வாரங்களில் குழந்தை வாயை அகலத் திறந்து பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அதே வாரங்களில்தான் எவ்வளவு பால் தேவை என்பதை மார்பும் கற்றுக்கொள்கிறது.

"நன்றாகக் குடிக்கிறது" என்பதை ஊகித்துச் சொல்லக் கூடாது. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் நன்றாக நனைந்த டயப்பர், 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்புதல், அதன்பின் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏற்றம். இவை இல்லாமல் பாட்டில் பங்கீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில் குழந்தை மார்பைப் பிடிக்கும் முறையைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

விதிவிலக்கு: குறைமாதக் குழந்தை, தனிப் பிரிவில் வைத்திருக்கும் குழந்தை, பிடிக்கவே முடியாத குழந்தை. அங்கே காத்திருக்கக் கூடாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் கையால் எடுக்கத் தொடங்கி, இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முதல் பத்து முறை எடுக்க வேண்டும். சீம்பாலுக்கு பம்ப் உதவாது. கெட்டியாக, துளித்துளியாக வருவதால் பாதி பம்பின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சி, 1 மில்லி ஊசிக்குழலிலோ கரண்டியிலோ பிடிப்பதுதான் சரி. முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் குழந்தைக்கே தேவை. "ஒண்ணுமே வரலை" என்று பயப்படுகிற அளவு பெரும்பாலும் போதுமான அளவாகவே இருக்கும்.

#3 தூளி
எல்லாரும் எப்ப ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க. அந்த பாட்டிலுக்கான பால் எங்கேருந்து வருதுன்னு கேக்குறதில்ல. இந்தத் திட்டம் கவுத்துக்கறது அங்கதான்.

பால் சுரப்பு ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. மார்பு காலியானா இன்னும் சுரக்கும், நிறைஞ்சே கிடந்தா சுரப்பு மெதுவாகும். நிறைஞ்ச பாலுக்குள்ளயே சுரப்பைக் குறைக்கிற ஏதோ ஒரு பொருள் சேருதுன்னு சொல்றாங்க. அதனால துணைவர் ஒரு பாட்டில் கொடுத்தார்னா, அந்த நாள்ல வேற ஏதோ ஒரு நேரம் மார்பு ஒரு தடவை கூடுதலா காலியாகியிருக்கணும். இல்லேன்னா நாளைக்கு எட்டு தடவை காலியானது ஏழாயிடும். ஒரு வாரத்துல உடம்பு அந்த ஏழையே வழக்கமாக்கிடும். அப்புறம் "பால் குறைஞ்சிடுச்சு"ன்னு அழுவாங்க. அது குறையல, குறைச்சுட்டோம்.

#4 நடுச்சாமம்
//ஒரு தடவை கூடுதலா காலியாகியிருக்கணும்//
துணைவர் பாட்டில் கொடுக்கும் அதே நேரத்தில் அம்மா எழுந்து பம்ப் பண்ண வேண்டுமென்றால் தூக்கம் எங்கே மிஞ்சுகிறது? குழந்தையை நேரடியாகக் குடிக்க வைப்பதே சுலபம் ஆயிற்றே.

#5 தூளி
அதே நேரத்துல எடுக்கத் தேவையில்ல. சுரப்பு நிலைச்சதுக்கப்புறம் 24 மணி நேரக் கணக்கு சரியா இருந்தாப் போதும். ஓடுற மாதிரி ஒரு அட்டவணை:

காலை 6 மணிவாக்குல குழந்தை குடிச்சு முடிச்சதும், அரை மணியிலேருந்து ஒரு மணி கழிச்சு பம்ப். அடுத்த வேளைக்குக் குறைஞ்சது ஒரு மணி இருக்கிற மாதிரி பாத்துக்கணும். பெரும்பாலானவங்களுக்கு காலைலதான் பால் அதிகம் இருக்கும். அதுதான் அன்னைக்கு ராத்திரி பாட்டில்.

ராத்திரி 9.30க்கு அம்மா நேரடியாக் கொடுத்துட்டு 10க்குப் படுக்கணும். 12.30 வாக்குல குழந்தை முழிச்சா துணைவர் பாட்டில், ஏப்பம், டயப்பர், தூங்க வைக்கிறது எல்லாம். அம்மா எழுந்திரிக்கிறது 3 அல்லது 3.30க்கு. அஞ்சு மணி நேரம் கையில வந்துடுச்சு.

இதுல கவனிக்கணும்: முதல் மாசத்துல அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாதீங்க. நடுவுல மார்பு இறுகி முழிப்பு வந்தா இறுக்கம் தளர்ற வரைக்கும் மட்டும் கையால எடுத்துட்டுப் படுங்க. முழுசா காலி பண்ணினா "ஒரு மணிக்கும் பால் வேணும்"னு உடம்புக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். அந்த முழிப்பு தெனமும் வரும்.

இன்னொண்ணு, அம்மா வேற ரூம்ல படுக்கணும். குழந்தை முனகுற சத்தத்துக்கே பால் இறங்கும், தூக்கம் போயிடும்.

#6 மெல்லமெல்ல
தூளியின் அட்டவணையோடு ஒத்துப்போகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: காலையில் குழந்தை குடித்த பிறகு எடுப்பதால் முதல் சில நாட்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மில்லிதான் வரும். அது இயல்பு. குழந்தையின் வேளையை மாற்றாமல் மிச்சத்தைத்தான் எடுக்கிறீர்கள். அது போதாவிட்டால் மதியத்துக்கு முன் இன்னொரு முறை எடுத்துச் சேர்க்கலாம். அல்லது குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கத்தில் சிலிக்கான் உறிஞ்சு குப்பியை ஒட்டினால், தானாக இறங்கும் பால் வீணாகாமல் சேரும்.

பம்பில் வருவதைப் பார்த்து மொத்தச் சுரப்பை எடைபோடாதீர்கள். நன்றாகக் குடிக்கும் குழந்தை எந்த பம்பைவிடவும் திறமையாக எடுக்கும்.

#7 அளவுகோல்
ஒரு வேளைக்கான அளவு. முதல் வாரம் கழிந்து, முதல் மாதம் முடியும் வரை: எடை (கிலோ) × 150 மில்லி, அதை நாளின் வேளைகளால் வகுக்க. 4 கிலோ குழந்தை, எட்டு வேளை என்றால் 600 ÷ 8 = 75 மில்லி.

இந்தச் சூத்திரத்தை மூன்றாம் மாதத்திலும் போட்டுக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. பொடிப்பால் டப்பாவின் அட்டவணையில் அளவு மாதாமாதம் ஏறும். தாய்ப்பாலில் அப்படி இல்லை. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஒரு நாளின் மொத்தம் சராசரியாக 750, 800 மில்லி அருகிலேயே நிற்கிறது. குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் மிக அதிகம். ஆனால் அதே குழந்தை பெரிதாக ஆக அந்த அளவு அவ்வளவாக ஏறுவதில்லை, வளர்ச்சி வேகம் குறைவதால். எனவே ஒரு வேளைக்கு 60 முதல் 120 மில்லி என்ற எல்லைக்குள் நின்றுவிடலாம். துணைவர் 180 மில்லி கொடுத்து, "இன்னும் கேட்கிறான்" என்றால் சிக்கல் பாலின் அளவில் இல்லை, கொடுக்கும் வேகத்தில் இருக்கிறது. அதை மெல்லமெல்ல விளக்குவார், பெயரே அதுதானே.

சேமிக்கும்போது 60 மில்லிப் பங்குகளாக வையுங்கள், கூடவே 30 மில்லிச் சிறு பங்கு ஒன்றிரண்டு. 120 மில்லியைச் சூடாக்கிப் பாதியைக் கொட்டுவதைவிட 60ஐக் கொடுத்துவிட்டு 30ஐச் சேர்ப்பது மேல்.

#8 ரப்பர்வால்வு
பம்ப் பத்தி யாரும் பேசல. "முன்னாடி 90 வந்துச்சு, இப்ப 40தான் வருது"ன்னா சுரப்பைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி வால்வைப் பாருங்க.

வாத்து மூக்கு மாதிரி இருக்கிற சின்ன சிலிக்கான் துண்டுதான் வால்வு. மூக்கு நுனியில ஒரு கீறல் இருக்கும். அது சும்மா இருக்கும்போது ஒட்டி மூடியிருக்கணும். வெளிச்சத்துல பிடிச்சா இடைவெளி தெரிஞ்சுதுன்னா போச்சு, உறிஞ்சல் பாதி அங்கேயே கசியுது. கீறலுக்குள்ள பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கிறவங்க வால்வைத் தாங்களே கிழிக்கிறாங்க. தினமும் பல தடவை ஓடுற பம்புன்னா ஒண்ணுலேருந்து ரெண்டு மாசத்துக்குள்ள புதுசு மாத்திடணும். ஒரு ஜோடி கையிருப்பு இருக்கட்டும்.

உறிஞ்சல் குறைஞ்சா தேட வேண்டிய வரிசை: வால்வு, அப்புறம் பால் டியூபுக்குள்ள போகாம நிறுத்துற பின்னோட்டத் தடுப்புல இருக்கிற மெல்லிய சவ்வு (ஈரமா இருந்தாலோ சரியா உக்காரலைன்னாலோ இழுக்காது), அப்புறம் டியூப் ரெண்டு முனையும், கடைசியா சார்ஜ். மோட்டார் போறது ரொம்ப அபூர்வம்.

அடுத்தது ஃபிளாஞ்ச், அதாவது மார்புல வைக்கிற புனல். அளவு மில்லிமீட்டர்ல இருக்கும். பெட்டியோட பெரும்பாலும் 24 வரும், அதனால எல்லாரும் 24னு ஆயிடாது. பம்ப் பண்றதுக்கு முன்னாடி, காம்போட அடிப்பகுதி அகலத்தை ஸ்கேல்ல அளங்க. சுத்தியிருக்கிற கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அந்த அளவு அல்லது அதவிட 3 மில்லிமீட்டர் வரை பெரிசு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்னு இல்ல.
சின்னதா இருந்தா: காம்பு சுவர்ல உரசும், அடியில வெளுத்துப் போகும், புண்ணாகும்.
பெரிசா இருந்தா: கருவட்டம் நிறைய உள்ள இழுக்கப்படும், வீங்கும், பால் கம்மியா வரும்.

#9 நடுச்சாமம்
உறிஞ்சும் வேகத்தை எவ்வளவு வைப்பது? அதிகம் வைத்தால் அதிகம் வருமா?

#10 ரப்பர்வால்வு
வராது. வலிச்சா பால் இறங்குறது நின்னுடும். முதல்ல வேகமான, லேசான இழுப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷம். பால் பீய்ச்ச ஆரம்பிச்சதும் மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாத்துங்க. அசௌகரியம் தெரியுற வரைக்கும் கூட்டி, அங்கேருந்து ஒரு படி குறைச்சு நிறுத்துங்க. அதுதான் உங்க அளவு. மொத்தம் 15 முதல் 20 நிமிஷம். நடுவுல ஓட்டம் நின்னா திரும்ப வேகமான இழுப்புக்குப் போனா ரெண்டாவது தடவை இறங்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுத்தா நேரம் பாதி. ஓடும்போது கையால மார்பை மென்மையா அழுத்தி விட்டா அளவும் கூடும்.

வேற யாரோ ஓட்டின பம்பை வாங்குறதா இருந்தா மோட்டாருக்கும் பாலுக்கும் நடுவுல தடுப்பு இருக்கிற வகையான்னு பாருங்க. தடுப்பில்லாத வகையில பால் டியூப் வழியா மோட்டாருக்குள்ள போயிருக்கும். அதக் கழுவ வழியே கிடையாது.

#11 தூளி
தெனம் ஒரு பாட்டிலுக்கு மட்டும்னா பம்பே இல்லாம கையாலயும் எடுக்கலாம். கையைக் கழுவிட்டு, காம்புலேருந்து 2.5, 3 சென்டிமீட்டர் பின்னாடி மேல கட்டைவிரல், கீழ மத்த விரல். முதல்ல நெஞ்சு எலும்பை நோக்கிப் பின்னாடி அழுத்தணும், அப்புறம் விரல்களைச் சேர்க்கணும், விடணும். தோல் மேல வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வராது, அங்கதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், மாத்தி அடுத்த பக்கம், விரலைச் சுத்தி வேற இடத்துல வச்சுத் திரும்பவும். எல்லாம் சேர்த்து 20, 30 நிமிஷம்.

#12 அளவுகோல்
நாலு நாளா, எட்டு நாளா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டுமே அச்சில் உள்ள எண்கள்தான். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை என்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எட்டு நாள் வரை என்கிறது. அந்த "4 டிகிரி" என்பதில்தான் விஷயம். அடிக்கடி திறந்து மூடும் ஃப்ரிட்ஜ் அந்த அளவில் நிற்கிறதா என்பது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காதவர்கள் நான்கு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவில் வைக்காமல் உள்தட்டின் பின்பக்கத்தில் வையுங்கள்.

வெளியில், 25 டிகிரி வரை: நான்கு மணி நேரம். அதற்கு மேல் வெப்பமான அறையில் உடனே ஃப்ரிட்ஜ்.
ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில்: ஆறு மாதத்துக்குள் சிறப்பு.
உறைந்ததை இளக்கியபின்: முழுவதும் இளகிய நேரத்திலிருந்து ஃப்ரிட்ஜில் 24 மணி. மறுபடி உறையவைக்கக் கூடாது.
சூடாக்கியது அல்லது அறை வெப்பத்துக்கு வந்தது: இரண்டு மணி.

புதிதாக எடுத்த இளஞ்சூட்டுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்ததன் மேல் ஊற்றாதீர்கள். தனியாகக் குளிரவைத்துப் பிறகு சேருங்கள். சேர்த்த பாத்திரத்தில் எழுத வேண்டிய தேதியும் நேரமும் பழைய பாலுடையவை. உறையவைக்கும் பையில் மேலே இரண்டு சென்டிமீட்டர் காலி விடுங்கள், உறையும்போது விரியும். படுக்கவைத்து உறையவைத்தால் சீக்கிரம் இளகும்.

சூடாக்க, வெந்நீர் நிறைந்த கிண்ணத்தில் பாட்டிலை வைத்தால் போதும். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நேரடியாக வைக்காதீர்கள். மைக்ரோவேவ் பாலுக்குள் ஆங்காங்கே கொதிக்கும் இடங்களை உண்டாக்கும். மணிக்கட்டில் விட்ட சொட்டு வெதுவெதுப்பாக இருக்கும், குழந்தையின் நாக்கு வெந்துபோகும். மேலே ஆடை மிதந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சுழற்றினால் கலந்துவிடும்.

#13 நடுச்சாமம்
இளக்கிய பாலில் சோப்பு வாசனை வருகிறது, குழந்தை துப்பிவிடுகிறது என்கிறார்களே?

#14 அளவுகோல்
பாலில் இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரிக்கும்போது வரும் வாசனை அது. குடித்தால் தீங்கில்லை, குழந்தை மறுக்கலாம் அவ்வளவுதான். வாசனை வந்தபின் அதைப் போக்க முடியாது. வருமுன் தடுக்கலாம்: எடுத்தவுடன் சுமார் 82 டிகிரி வரை, அதாவது ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை சூடாக்கி (கொதிக்கவிடாமல்), உடனே குளிரவைத்து உறையவைக்க வேண்டும். பாலின் சில நல்ல பொருட்கள் இதில் குறையும். அதனால் எல்லாப் பாலுக்கும் செய்யத் தேவையில்லை. ஃப்ரீசரை நிரப்பும் முன் ஒரே ஒரு பையை உறையவைத்து, ஒரு வாரம் கழித்து இளக்கி முகர்ந்து பாருங்கள். ஐம்பது பை சேர்ந்தபின் தெரியவருவதுதான் கொடுமை.

#15 மெல்லமெல்ல
பாட்டில் கொடுக்கப்போகிறவருக்கு. இதைப் படிக்கவேண்டியது நீங்கள்தான்.

குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். ஏறக்குறைய நிமிர்த்தி, தலைக்கும் கழுத்துக்கும் தாங்கல் கொடுத்து உட்காரவையுங்கள். நிப்பிளால் மேல் உதட்டைத் தொடுங்கள். வாயை அகலத் திறந்து அதுவே இழுத்துக்கொள்ளட்டும், திணிக்க வேண்டாம். பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், நிப்பிளில் பாதி பால் இருந்தால் போதும். காற்று போய்விடுமே என்று பாட்டிலைத் தலைகீழாகச் சாய்ப்பவர்கள்தான் பாலைக் கொட்டிக் குடிக்கவைக்கிறார்கள். இருபது முப்பது வினாடிக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி ஓர் இடைவெளி விடுங்கள், நிப்பிள் வாயிலேயே இருக்கலாம். பாதியில் பக்கம் மாற்றுங்கள். 75 மில்லிக்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆக வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் முடிந்தால் வேகம் அதிகம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியும் முன்பே பாட்டில் காலி, உடனே இன்னும் கேட்கும். அப்படிப் பழகிய குழந்தைக்கு மார்பில் பால் இறங்கும்வரை பொறுமை இருக்காது.

குறைந்த ஓட்டமுள்ள நிப்பிள் எடுங்கள். "மூன்று மாதத்துக்கு மேல் இந்த எண்" என்று பெட்டியில் இருப்பதற்காக மாற்ற வேண்டாம். விரல்கள் விரிந்து விறைப்பது, புருவம் சுருங்குவது, ஓரத்தில் வழிவது, மிடறு மிடறாக மூச்சின்றி விழுங்குவது எல்லாம் "மெதுவாக" என்பதன் அடையாளம். தலையைத் திருப்பினால் முடிந்தது. கடைசி 10 மில்லியைத் தீர்க்க வேண்டியதில்லை.

பாட்டிலை மறுத்தால்: அழுது பசிக்கும்வரை காத்திராமல் அரைப் பசியில் முயலுங்கள். அம்மா அந்த அறையில் இல்லாமல் இருக்கட்டும். நிப்பிளை வெதுவெதுப்பான நீரில் காட்டுங்கள். பத்து நிமிடம் முயன்று விட்டுவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குள் பசித்தால் சிறு கிண்ணமோ கரண்டியோ பாலாடையோ இருக்கிறது. கிண்ணத்தில் கொடுக்கும்போது வாயில் ஊற்றாமல் விளிம்பை உதட்டில் வைத்துக் குழந்தையே நக்கி எடுக்கும்படி சாய்க்க வேண்டும்.

#16 வெந்நீர்ஒத்தடம்
காலைல பம்ப் பண்றது சரி. ஆனா ராத்திரி அஞ்சு மணி நேரம் விட்டா பால் கட்டிக்குமே? கட்டினா நல்லா சூடா ஒத்தடம் கொடுத்து, கட்டியை விரலால அழுத்தித் தேய்ச்சு, முழுசா பம்ப் பண்ணிட்டா சரியாயிடும்.

#17 அளவுகோல்
இது பழைய முறை, இப்போது மாறிவிட்டது. தாய்ப்பால் மருத்துவர்களின் அமைப்பான ஏ.பி.எம். 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கட்டி என்பது அடைத்துக்கொண்ட ஒரு குழாய் அல்ல, சுற்றியுள்ள திசுவின் வீக்கம். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும், காயம் படும். முழுவதும் காலி செய்துகொண்டே இருந்தால் சுரப்பு ஏறி மறுபடியும் கட்டும். இப்போது சொல்வது: வழக்கம்போல் குழந்தைக்குக் கொடுங்கள், கூடுதலாக எடுக்காதீர்கள், குளிர் ஒத்தடம், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, அக்குளை நோக்கித் தோலை மட்டும் மிக மென்மையாக வருடுதல். காய்ச்சல், நடுக்கம், சிவப்பு வந்து 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெந்நீர்ஒத்தடம் சொன்னதில் ஒன்று சரி: கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூடு பால் இறங்க உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

#18 தூளி
ஃப்ரீசர் நிறைய பால் சேர்க்கணும்னு தெனம் நாலு தடவை பம்ப் பண்றவங்களுக்கும் இதே பதில்தான். ராத்திரி பாட்டிலுக்கு ஒண்ணு, அவசரத்துக்கு ரெண்டு நாள் கையிருப்பு. அதுக்கு மேல சேர்த்தா சுரப்பு ஏறி மார்பு எப்பவும் கனத்தே கிடக்கும்.

#19 ரப்பர்வால்வு
கழுவுறதையும் சொல்லிடுறேன். ராத்திரி பாட்டில் கொடுக்கிறவரே பம்பையும் கழுவணும். இல்லேன்னா அஞ்சு மணி நேரத் தூக்கத்துல அரை மணி சிங்க்கு முன்னாடி போயிடும்.

எடுத்தவுடனே பிரிச்சு குளிர்ந்த தண்ணில அலசணும். அப்புறம் இதுக்குன்னே ஒரு பேசின், இதுக்குன்னே ஒரு பிரஷ், சோப்பு, வெந்நீர். சிங்க்குக்குள்ள நேரடியாப் போடாதீங்க. துணியால துடைக்காம காத்துல உலரவைங்க. ரெண்டு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைன்னா நாளுக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் கொதிக்கவைக்கணும்.

சோப்புத் தண்ணில மணிக்கணக்கா ஊறப்போடுற பழக்கம் ஆபத்து. 2016ல அமெரிக்காவுல ஒரு குறைமாதக் குழந்தைக்கு குரோனோபாக்டர் தொற்று வந்தப்போ, அதே கிருமி பம்ப் பாகங்கள்ல இருந்துச்சு. அவங்க பாகங்களை மணிக்கணக்கா ஊறவச்சுட்டு வெறுமனே அலசி எடுத்திருக்காங்க. அதுக்கப்புறந்தான் சி.டி.சி. பம்ப் கழுவுறதுக்குன்னு தனி வழிமுறையே போட்டுது.

டியூபைக் கழுவாதீங்க, பால் உள்ள போனாத் தவிர. நீராவி கோத்திருந்தா பம்பை வெறுமனே ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டாக் காயும். கருப்புப் புள்ளி தெரிஞ்சா டியூபைத் தூக்கிப் போட்டுடுங்க.

#20 நடுச்சாமம்
கழுவாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த முறை எடுக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறதே?

#21 ரப்பர்வால்வு
குளிர்ல கிருமி மெதுவா வளரும், சாகாது. பிறந்த குழந்தைக்கு வேண்டாம். ரெண்டு செட் வச்சுக்கிறது அதவிட சுலபம்.

#22 நடுச்சாமம்
கடைசியாக ஒன்று. குழந்தை 40 மில்லி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது, பாட்டிலில் 35 மிச்சம். அடுத்த வேளைக்கு ஆகுமா?

#23 அளவுகோல்
வாய் பட்ட பால் என்றால், குடித்து முடித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். 12.30க்குக் குடித்து முடித்து 2 மணிக்கு விழித்தால் அதே பாட்டில் ஆகும். 3.30க்கு விழித்தால் கொட்டிவிடுங்கள்.

#24 தூளி
3.30க்கு அம்மாதான் முறை, பாட்டிலே தேவையில்ல.